படையில்லாத பாண்டு

1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' கணிப்பொறி விளையாட்டில் திரையில் தெரிவது துப்பாக்கி, சுடுகிறவன் நாம். பாபி பிரின்ஸ் அதற்கு அமைத்த இசை ஒலிப்பதிவாக வரவில்லை, சுரக்குறிப்பாக வந்தது. ஹெவி மெட்டல் கிதாரின் உறுமலை ஒவ்வொரு கணிப்பொறியின் ஒலி அட்டையும் தன் குரலில் வாசித்தது.

போரிசை இப்படிக் குறிப்பாக இடம்பெயர்வது தஞ்சை ஜில்லா முன்பே அறிந்ததுதான். திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், கும்பெனிப் பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்யம் செய்தார். 'நோட்டு ஸ்வரம்' என்ற பெயரே வந்த வழியைச் சொல்கிறது. கமகமில்லாத சங்கராபரணம். இங்கிலாந்து அரசனை வாழ்த்தும் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளிடம் போய்ச் சேர்ந்தது. இதை நகல் என்பவர்கள் உண்டு, வெற்றி என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை.

அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி இருந்தார். 1799 உடன்படிக்கையில் காவிரி நெல்வயல்களின் நிர்வாகம் கும்பெனிக்குப் போயிற்று. அவருக்கு மிஞ்சியவை கோட்டையும், வருவாயில் 5இல் 1 பங்கும், வருஷத்துக்கு 1 லட்சம் வராகனும். ஆனால் அரண்மனையில் மேல்நாட்டுப் பாண்டு முழங்கியது. அவர் சேர்த்த மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்த இசைக்கு அணிவகுத்து நடக்கப் படைதான் இல்லை.

தீட்சிதரிடம் அந்த மெட்டு அணிவகுப்பை மறந்தது. சரபோஜியிடம் இழந்த அதிகாரத்துக்கு ஈடாக நின்றது. 'டூம்' இசையை நான் சரபோஜியின் பக்கமே வைப்பேன். அதுவும் ஆயுதமில்லாத கைக்கு வாசிக்கப்படுகிற போரிசைதான்.