உயிர்ச்சுவர்

உயிர்ச்சுவர் என்பது கட்டிடத்தின் சுவரில் நிலைக்குத்தாகப் பொருத்தப்பட்ட வளர்ப்பு ஊடகத்தில் செடிகளை வேரூன்றச் செய்து அமைக்கப்படும் தோட்டம் ஆகும். இது பசுஞ்சுவர், நிலைக்குத்துத் தோட்டம் எனவும் அழைக்கப்படுகிறது. நிலத்தில் வேர்விட்டுச் சுவரில் ஏறும் கொடிகளால் மூடப்பட்ட சுவர் இதனின்றும் வேறானது. கொடியின் வேர் மண்ணில் இருப்பதால் சில நாட்கள் நீர் ஊற்றாவிடினும் அது தாங்கிக்கொள்ளும். உயிர்ச்சுவரிலோ நீரும் ஊட்டமும் பெரும்பாலும் குழாய் வழியாகவே வருகின்றன. வெளிப்புற உயிர்ச்சுவருக்கான செடித் தேர்வும் பராமரிப்பும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தவை.

வரலாறு

அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகப் பேராசிரியர் இசுட்டான்லி ஆர்ட் வைட் செடிகளைத் தாங்கும் கட்டமைப்பு ஒன்றுக்கு 1938ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்றார். எனினும் அது பரவலாகவில்லை. இத்தொழில்நுட்பத்தை உலகறியச் செய்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பத்திரிக் பிளான் (பிறப்பு 1953) ஆவார். வெப்பமண்டலக் காடுகளில் பாறைகளிலும் அருவி ஓரங்களிலும் மண்ணின்றி வளரும் செடிகளை இவர் ஆராய்ந்தார். மலேசியாவில் அறியப்பட்ட ஏறத்தாழ 8,000 இனங்களுள் 2,500 இனங்கள் மண்ணின்றியே வளர்வதாக இவர் குறிப்பிடுகிறார்.

பாரிசு நகரில் 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கே பிரான்லி அருங்காட்சியகத்தின் முகப்பில் இவர் அமைத்த சுவர் மிகவும் அறியப்பட்டது. ஏறத்தாழ 800 சதுர மீட்டர் பரப்பில் 150 இனங்களைச் சேர்ந்த 15,000 செடிகள் அதில் நடப்பட்டன.

அமைப்பு

பிளானின் முறையில் சுவரிலிருந்து சற்று விலகி ஓர் உலோகச் சட்டகம் நிறுவப்படுகிறது. அதன்மீது 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிவிசி பலகையும், பலகையின்மீது இரண்டு அடுக்குச் செயற்கை இழைக் கம்பளமும் பொருத்தப்படுகின்றன. கம்பளத்தைக் கீறி, அவ்விடைவெளியில் செடியின் வேர் நுழைக்கப்படுகிறது. சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி, சுவரில் ஈரம் ஏறாமல் காக்கிறது. செடிகள் உட்பட இதன் எடை சதுர மீட்டருக்கு 30 கிலோகிராமுக்கும் குறைவு. மண் அல்லது வேறு ஊடகம் நிரப்பிய பெட்டிகளை அடுக்கும் முறைகளும் உள்ளன. அவை எடை கூடியவை, ஆனால் நீரைச் சற்றுக் கூடுதல் நேரம் தேக்கிவைக்கும்.

செடிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே சுவரில் பல தட்பவெப்பங்கள் நிலவுகின்றன என்பதே முதலில் கருதவேண்டியது. மேலிருந்து விடப்படும் நீர் கீழ்நோக்கி இறங்குவதால் மேற்பகுதி விரைவில் உலர்கிறது. காற்றும் வெயிலும் அங்கேயே மிகுதி. கீழ்ப்பகுதி எப்போதும் ஈரமாகவும் நிழலாகவும் இருக்கும். ஆகவே வறட்சி தாங்கும் செடிகளை மேலேயும், பெரணி, பாசி போன்றவற்றைக் கீழேயும் நடுவது வழக்கம்.

சுவர் நோக்கும் திசையும் முக்கியமானது. பாரிசு, இலண்டன் போன்ற வடக்கு நகரங்களில் தெற்கு நோக்கிய சுவர் நாள் முழுதும் வெயில் பெறும். அங்கு சீடம் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் தகும். வடக்கு நோக்கிய சுவருக்கு ஃகியூக்கெரா, பெர்கேனியா, பெரணி ஆகியவை ஏற்றவை. மெல்லிய ஊடகத்தில் வேர்களைக் குளிர் எளிதில் தாக்குவதால், அவ்வூரின் தோட்ட நிலத்தில் பிழைக்கும் செடியைவிடக் குளிர் கூடுதலாகத் தாங்கும் செடியே தேவை. மரமாகத் தடிக்கும் செடிகளைத் தவிர்ப்பது நன்று. நட்ட ஆண்டில் அழகாகத் தோன்றினும், சில ஆண்டுகளில் அவற்றின் எடை கம்பளத்தைக் கிழித்துவிடும், அண்டைச் செடிகளும் நிழலில் அழியும். பூக்களைவிட இலையின் நிறத்தையும் வடிவையும் கருதித் தேர்ந்தெடுப்பதே நீண்டகாலம் பயன்தரும்.

பராமரிப்பு

நீர் ஒரே தடவையில் மிகுதியாக அன்றி, நாளில் பலமுறை சில நிமிடங்கள் வீதம் தானியங்கிக் கருவியால் விடப்படுகிறது. அதனுடன் மிக நீர்த்த ஊட்டக் கரைசல் கலக்கப்படுகிறது. ஊட்டம் மிகுந்தால் கம்பளத்தில் உப்புப் படிந்து இலை நுனிகள் கருகும். கடின நீர் சொட்டுவாய்களை அடைத்துவிடும். வடிகட்டிகளைத் தவறாது கழுவுவதும், உறைபனிக்கு முன் குழாய்களிலுள்ள நீரை வடிப்பதும் அவசியம். ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை கத்தரித்து, பட்ட செடிகளுக்குப் பதில் புதியன நடவேண்டும். ஃகியூக்கெரா திடீரென வாடினால் வேரைத் தின்னும் கூன்வண்டுப் புழுக்கள் உள்ளனவா எனப் பார்க்கவேண்டும். உயரமான சுவர்களில் இவ்வேலைகளுக்கு ஏற்றுமேடை தேவைப்படுவதால் பராமரிப்புச் செலவைக் கட்டும்போதே கணக்கிடுதல் நன்று.

நீரேற்றி நின்றுபோவதே மிகப்பெரிய இடர் ஆகும். இலண்டனின் இசுலிங்டன் பகுதியில் ஒரு குழந்தைகள் மையத்தின் சுவரில் அமைக்கப்பட்ட தோட்டம் 2009ஆம் ஆண்டில் பட்டுப்போனது. நீர் வழங்கலில் ஏற்பட்ட கோளாறு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கோடையில் மெல்லிய கம்பளம் சில மணி நேரத்திலேயே உலரக்கூடும். எனவே பெரிய சுவர்களில் மாற்று நீரேற்றியும், நீரோட்டம் நின்றால் எச்சரிக்கும் உணரியும் வைக்கப்படுகின்றன. அவற்றைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்துக்கு நிலத்தில் நட்ட கொடியே பொருத்தமானது.