தறிக்கம்பத்தில் ஒரு தாள்: சும்மா இருக்கும் உரிமையின் வரலாறு

ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் (1792–1854) லங்காஷயரைச் சேர்ந்த கைத்தறி நெசவாளி. மான்செஸ்டருக்கு வடக்கே பிரெஸ்ட்விச் வட்டாரத்தில் கட்டம்போட்ட கிங்கம் துணி நெய்து பிழைத்தவர். தாவரங்களுக்கு லின்னேயஸ் வகுத்த 24 வகுப்புகளையும் ஒரு தாளில் எழுதித் தறிக்கம்பத்தில் மாட்டி வைத்திருந்தார். கை நாடாவைத் தள்ளும், கண் தாளுக்குப் போய்வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவரைப் போன்ற நெசவாளர்களும் கைவினைஞர்களும் ஊர் மதுக்கடையில் தாவரவியல் சங்கமாகக் கூடுவார்கள். வழியில் பறித்த செடிகளை மேசைமேல் குவிப்பார்கள். தலைவர் ஒன்றை எடுத்து, அதன் லத்தீன் பெயரைச் சொல்லி இடப்பக்கம் இருப்பவரிடம் தருவார். அவர் பெயரைச் சொல்லி அடுத்தவரிடம் தருவார். செடியும் பெயரும் இப்படியே அறையைச் சுற்றிவரும். மாதச் சந்தாவில் ஒரு பகுதி பீருக்கு, மறு பகுதி புத்தகத்துக்கு. ஹார்ஸ்ஃபீல்ட் நெடுங்காலம் இச்சங்கத்தின் தலைவராக இருந்தார். அவர் வளர்த்தெடுத்த டாஃபடில் கலப்பினம் ஒன்று அவர் பெயராலேயே தோட்டக்கலையில் வழங்குகிறது.

ஓய்வு படைப்புக்குத் துணை என்பதை ஐரோப்பியச் சிந்தனை மரபு பெரும்பாலும் மறுத்ததில்லை. அந்த ஓய்வு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் இருநூறு ஆண்டுச் சண்டை நடந்திருக்கிறது. அதன் சில கட்டங்களை, கூடியவரை நெசவுத் தொழிலை ஒட்டியே, இக்கட்டுரை பின்தொடர்கிறது.

அரிஸ்டாட்டிலுக்கு ஐயமே இல்லை. மெய்யறிவுக்கு ஓய்வு வேண்டும். எகிப்தில் கணிதம் பிறந்ததற்கே அங்கிருந்த பூசாரிகளுக்கு வாய்த்த ஓய்வுதான் காரணம் என்றார். அந்த ஓய்வை அடிமைகள் உழைத்துத் தந்தார்கள். ‘அரசியல்’ நூலில் அவர் ஒரு கற்பனையும் செய்கிறார்: நாடா தானாகவே நெய்யுமானால் எசமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள். நடக்காத காரியத்துக்கு உதாரணமாகத்தான் அதைச் சொன்னார்.

அந்த நாடா தானாக ஓடத் தொடங்குவதற்கு முந்திய இங்கிலாந்தில் ‘புனிதத் திங்கள்’ என்றொரு வழக்கம் வேரூன்றியிருந்தது. சனிக்கிழமை கூலி, ஞாயிறு குடி, திங்கள் வேலையில்லை. சில தொழில்களில் செவ்வாயும் அப்படியே போகும். வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்துக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். செருப்புத் தைப்பவர், நெசவாளி, தையல்காரர் என்று பலரிடமும் இது இருந்தது. வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைச் சோம்பேறித்தனமாகப் பார்க்கவில்லை. தன் வேலை தன் கையில் இருக்கும் மனிதன் கடும் உழைப்பும் சும்மா இருத்தலுமாக மாறிமாறி வாழ்கிறான் என்பது அவர் கண்ட தாளம். நெசவாளர் ஊர்களில் கவிஞர்களும் கணித ஆர்வலர்களும் தாவரம் அறிந்தவர்களும் மலிந்திருந்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. விசைத்தறி பரவப் பரவக் கைத்தறிக் கூலி சரிந்தது. 1830களில் நெசவாளி வயிற்றுக்காகவே கூடுதல் மணி நேரம் தறியில் குந்த வேண்டியிருந்தது. ஹார்ஸ்ஃபீல்டின் தாள் தறிக்கம்பத்தில் தொங்கியதற்கு, உட்கார்ந்து படிக்க வேறு நேரமில்லை என்பதும் காரணம்.

புனிதத் திங்களின் பகைவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் மண்பாண்ட முதலாளி ஜோசயா வெட்ஜ்வுட். பர்ஸ்லெமில் இருந்த அவருடைய பட்டறையில் மணியடித்துத்தான் ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதனால் ஊரில் அதற்கு ‘மணிப் பட்டறை’ என்றே பெயர். 1769இல் எட்ரூரியாவில் புதிய தொழிற்சாலை திறந்து, வருகை நேரத்தைக் குறித்துவைக்கும் ஒழுங்கையும் கொண்டுவந்தார். ஊர்த் திருவிழா என்றால் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று கூட்டாளி பென்ட்லிக்கு எழுதிய கடிதங்களில் நொந்துகொண்டார்.

இந்த வெட்ஜ்வுட்டின் மகள் வயிற்றுப் பேரன்தான் சார்லஸ் டார்வின். மணந்ததும் அதே குடும்பத்து எம்மாவை. வாழ்நாளில் சம்பள வேலை எதையும் அவர் பார்த்ததில்லை. 1842இல் டவுன் கிராமத்தில் குடியேறியபின் காலையில் சில மணி நேர வேலை. நண்பகல் வாக்கில் தோட்டத்து மணல் பாதையில் நடை. எத்தனை சுற்று என்ற எண்ணம் சிந்தனையைக் குலைக்காமலிருக்க மூலையில் சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கிவைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார். தகப்பனார் சேர்த்த சொத்தோடு பாட்டனாரின் மண்பாண்டப் பணமும் அந்த நடைக்குப் பின்னால் இருந்தது. பாட்டன் தொழிலாளியிடம் மணியடித்து வாங்கிய நேரத்தில் ஒரு பங்கு பேரனுக்கு மணியில்லாத நாளாக வந்து சேர்ந்தது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். கணக்கு என்னவோ அப்படித்தான் வருகிறது. டார்வினின் நடை அறிவியலுக்கு ஆகிவந்தது. ஹார்ஸ்ஃபீல்டின் திங்கட்கிழமைக்கு ஒழுங்கீனம் என்று பெயர் வந்தது.

1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களையும் இளம்வயதினரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு விட்டுவிட வேண்டும் என்றது. பிற தொழில்களிலும் சனிக்கிழமை அரைநாள் விடுப்பு மெல்லப் பரவியது. பர்மிங்காமை ஆராய்ந்த டக்ளஸ் ரீட், இந்த அரைநாள் பெரும்பாலும் திங்கட்கிழமையை விட்டுக்கொடுத்துப் பெற்ற பேரம் என்று 1976இல் காட்டினார். தொழிலாளி தானாக எடுத்துக்கொண்ட ஒரு முழுநாள் போய், முதலாளி அளந்து தந்த அரைநாள் வந்தது.

இந்தப் பேரத்தை ஏற்க மறுத்த குரல் பால் லஃபார்க். மார்க்ஸின் மருமகன். ‘சோம்பியிருக்கும் உரிமை’ 1880இல் பத்திரிகைத் தொடராக வந்தது. பாரிஸின் செயின்ட் பெலாஜி சிறையில் இருந்தபோது 1883இல் அதைத் திருத்தி நூலாக்கினார். நாளுக்கு மூன்று மணி நேர உழைப்பு போதும் என்பது அவர் வாதம். அரிஸ்டாட்டிலின் தானியங்கி நாடாவை அவர் நினைவூட்டுவது வேண்டுமென்றேதான். நாடா தானாக ஓடுகிறது, பிறகும் ஏன் பன்னிரண்டு மணி நேரம் என்ற கேள்விக்கு அன்றைய தொழிற்சங்கங்களிடமே சரியான பதில் இல்லை. அவர்களில் பலர் கேட்டது வேலை செய்யும் உரிமையை.

1926இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டனில் பேராசிரியர் கிரகாம் வாலஸ் ‘சிந்தனைக் கலை’ என்ற நூலை வெளியிட்டார். ஆயத்தம், அடைகாத்தல், வெளிச்சம், சரிபார்ப்பு என்று படைப்புக்கு நான்கு படிகள் சொன்ன நூல் அது. இரண்டாம் படியில் மனம் பிரச்சினையை விட்டு விலகியிருக்க வேண்டும். கூத்தான்ஸ் ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் விடை கண்ட கணிதர் புவான்காரே, மலைச்சரிவில் மெதுவாக ஏறுகையில் யோசனை உதித்ததென்று 1891இல் எழுபதாம் பிறந்தநாள் உரையில் சொன்ன ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரே முன்மாதிரிகள். முதல் படியில் வியர்க்காதவனுக்கு இரண்டாம் படியில் பலனில்லை என்பதை வாலஸ் மறக்கவில்லை; அவரை மேற்கோள் காட்டுபவர்கள்தாம் மறக்கிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் ஆலைகளில் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார். ஓய்வு கிடைத்தால்தான் மக்கள் பொருள் வாங்குவார்கள் என்று காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். பேராசிரியரின் ஓய்வு சிந்தனைக்கு, தொழிலாளியின் ஓய்வு கடைக்கு என்ற பிரிவினை அப்போது வெளிப்படையாயிற்று.

அதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில், கெல்லாக் தானிய உணவு ஆலை 1930 டிசம்பர் 1 அன்று மூன்று எட்டு மணி நேர ஷிஃப்டுகளை நான்கு ஆறு மணி நேர ஷிஃப்டுகளாக மாற்றியது. பெருமந்தக் காலத்தில் கூடுதல் ஆட்களுக்கு வேலை தருவது நோக்கம். மிச்சமான இரண்டு மணி நேரம் தோட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் நூலகத்துக்கும் போனது. போருக்குப் பின் ஆண்கள் கூடுதல் பணத்தை விரும்பி எட்டு மணி நேரத்துக்குத் திரும்பினார்கள். பெண்கள் பலர் 1985வரை ஆறு மணி நேரத்தை விடவில்லை. நான்கு மணி நேர வேலை போதும் என்று 1932இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையை எல்லாரும் அறிவார்கள். அதைக் கிட்டத்தட்ட வாழ்ந்து காட்டிய இப்பெண்களை அவ்வளவாக யாரும் அறிவதில்லை.

சும்மா இருக்கும் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன என்று 2001இல் நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கிள் குழு சொன்னதை இன்று பலர் ஓய்வுக்கு அறிவியல் முத்திரையாகக் காட்டுகிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பு அவ்வளவு தூரம் போகவில்லை.

லங்காஷயரின் தறிச்சத்தம் சென்னையிலும் கேட்டது. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் வந்தன. 1911ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டப்படி நெசவாலையில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை. அவ்வட்டாரத்தில் ஜவுளி வியாபாரியான செல்வபதி செட்டியார் நடத்திய ஸ்ரீ வெங்கடேச குணாமிருத வர்ஷிணி சபையில் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடுவார்கள். கேட்டு முடித்தபின் பேச்சு ஆலைப் பக்கம் திரும்புவது இயல்பு. மதுக்கடை மேசையில் லத்தீன் பெயர்கள் சுற்றிவந்தது போல இங்கே குறைகள் சுற்றிவந்தன. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ‘நியூ இந்தியா’ நாளிதழ் அலுவலகத்துக்குப் போய், அங்கே பணியாற்றிய பி. பி. வாடியாவைப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் அது ஒன்று. சபையில் கழிந்த வேலையற்ற பொழுது இல்லாமல் அது உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

ஆலைத் தொழிலாளர்கள் எழுப்பிய முதல் குறைகளில் மதிய இடைவேளையும் ஒன்று. அரைமணிக்குள் வெளியே போய், கைகழுவிச் சாப்பிட்டு, மறுபடி வாசலுக்கு வந்துவிட வேண்டும். இது போதவில்லை என்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்று உச்சவரம்பு விதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் கட்டாயம் ஓர் இடைவேளை என்றும் 55ஆம் பிரிவில் எழுதியது. குறைந்தபட்ச அளவாக அது வைத்தது அரைமணி.