குளோரினேற்றப் பூச்சிக்கொல்லிக் கழிவுகளின் நீர்க்கரைவு

குளோரினேற்றப் பூச்சிக்கொல்லிக் கழிவுகளின் நீர்க்கரைவு என்பது மாசடைந்த மண்ணில் தங்கியுள்ள லிண்டேன், டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளும் அவற்றின் உற்பத்திக் கழிவுகளும் மழைநீரிலும் நிலத்தடி நீரிலும் சிறிது சிறிதாகக் கலப்பதைக் குறிக்கும். இச்சேர்மங்கள் பொதுவாக "நீரில் கரையாதவை" என வகைப்படுத்தப்படுகின்றன. குடிநீர் வரம்புகளுடன் ஒப்பிடும்போது இவ்வகைப்பாடு தவறான எண்ணத்தையே தரும். 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் லிண்டேன் கரையும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு பூச்சிக்கொல்லிக்கு அனுமதிக்கும் அளவு 0.1 மைக்ரோகிராம் மட்டுமே. அதாவது, லிண்டேன் நிறைவுற்ற நீர் இவ்வரம்பைப் போல் 70,000 மடங்கு மாசுற்றதாகும். ஒரு கிலோகிராம் லிண்டேன் ஒரு கோடி கன மீட்டர் நீரை இவ்வரம்பிற்குக் கொண்டுவரப் போதுமானது.

கழிவு உருவாதல்

பென்சீனை ஒளியின் முன்னிலையில் குளோரினேற்றம் செய்யும்போது ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேனின் பல மாற்றியங்கள் கலவையாகக் கிடைக்கின்றன. இவற்றுள் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் மிக்கது காமா மாற்றியமே. இதுவே லிண்டேன். கலவையில் இதன் பங்கு 10 முதல் 15 விழுக்காடு ஆகும். எனவே ஒரு டன் லிண்டேனைப் பிரித்தெடுத்தால் 8 முதல் 12 டன் வரை கழிவு எஞ்சும். இதில் பெரும்பகுதி ஆல்ஃபா மாற்றியம். பீட்டா மாற்றியம் மிகக் குறைவாகவே கரையும்; எளிதில் சிதைவதும் இல்லை.

கரையும் முறை

மண்ணில் இக்கழிவுகள் படிகத் தூளாகவோ, மண்ணின் கரிமப் பொருளில் ஒட்டியோ, நீரினும் அடர்ந்த எண்ணெய் போன்ற திரவமாகவோ இருக்கலாம். படிகங்கள் நீர் படும் பரப்பிலிருந்து கரைகின்றன. ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் மண்ணுக்கும் நீருக்கும் இடையே பங்கிடப்படுகின்றன. நீர் எடுக்கப்பட எடுக்கப்பட, மண் மீண்டும் சிறிது விடுவிக்கும். களிமண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்தவை வெளிவரப் பல ஆண்டுகள் ஆகும். இதனால்தான் மாசுற்ற நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் இடங்களில் செறிவு முதலில் விரைந்து குறைந்து, பின்னர் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. இறைப்பதை நிறுத்தினால் மீண்டும் ஏறுகிறது.

திரவக் கழிவில் ஒவ்வொரு கூறும் ஏறத்தாழ ரவுல்ட் விதிப்படி, தன் மோல் பின்னத்திற்கு ஏற்பக் கரைகிறது. எளிதில் கரையும் குளோரோபென்சீன் முதலில் நீங்குவதால், எஞ்சும் திரவம் கரையாப் பொருள்களால் செறிவடைகிறது. டிடிடியின் கரைதிறன் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்களே எனினும், நீரிலுள்ள மட்கு அமிலங்கள் அதைச் சுமந்து செல்லக்கூடும்.

சபிஞானிகோ

எசுப்பானியாவின் அராகோன் பகுதியிலுள்ள சபிஞானிகோ நகரில் இன்கினோசா நிறுவனம் 1975 முதல் 1980களின் இறுதி வரை லிண்டேன் தயாரித்தது. கழிவுகள் அருகிலுள்ள சார்தாஸ், பைலின் ஆகிய குப்பைமேடுகளில் கொட்டப்பட்டன. இவை அமைந்துள்ள காயேகோ ஆற்றுப்படுகைக்குக் கீழே பல ஊர்கள் குடிநீருக்கு அவ்வாற்றை நம்பியிருந்தன. 2014இல் பைலின் கழிவுகள் புதிய, காப்பிடப்பட்ட குழிக்கு மாற்றப்பட்டபோது ஆற்றில் அளவு வரம்பைக் கடந்தது. சில ஊர்களில் ஆற்றுநீரைக் குடிக்கத் தடை விதிக்கப்பட்டது. மேட்டை அகற்றிய பின்னரும், பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிய அடர்திரவம் அங்கேயே இருந்தது. அதை வெளியேற்றப் பரப்புச் செயலிகளைச் செலுத்தும் சோதனைகள் பின்னர் பைலினில் நடைபெற்றன. இம்முறையில் கரைதிறன் வேண்டுமென்றே கூட்டப்படுவதால், செலுத்திய நீர் முழுவதையும் மீட்டெடுப்பது இன்றியமையாததாகும்.