கோஷ்டிக்குள் உறங்கும் இசை: திருப்புல்லாணிப் பதிகத்தை முன்வைத்து

ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் ஓர் ஆயிரத்துக்குத்தான் இயற்பா என்று பெயர். மற்ற மூன்றும் இசைப்பா. இன்றோ பெரும்பாலான கோயில்களில் நான்கும் ஏறத்தாழ ஒரே ஓசையில் சேவிக்கப்படுகின்றன. நாதமுனிகள் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பாசுரங்களை இசையோடு கற்பித்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்த இசைமரபின் எச்சம், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையாகத் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை போன்ற சில தலங்களில் நிற்கிறது. பாடும் கூட்டமான கோஷ்டி பிழைத்திருக்க, பாட்டு மட்டும் மங்கிவிட்டது. ஆகவே மீட்பும் கோஷ்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

எடுத்துக்காட்டாக, திருப்புல்லாணி ஆதிஜகந்நாதப் பெருமாள் மீது திருமங்கையாழ்வார் பாடிய இரண்டு பதிகங்கள் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தில் உள்ளன. மூன்றாம் திருமொழியைக் கவனியுங்கள். பிரிந்துபோன தலைவனை எண்ணி உருகும் தலைவி, தொழ எழும்படி தன் நெஞ்சை முதலடியிலேயே அழைக்கிறாள். அந்த அழைப்பு பாட்டுக்குப் பாட்டு மீண்டும் வருகிறது. முதல் ஒன்பது பாசுரங்களும் ஊர்ப்பெயரில், அதுவும் ஏகாரம் நீண்டு ஒலிக்க முடிகின்றன. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் சேர்ந்துகொள்வதற்கு இதைவிட வசதியான கட்டமைப்பு வேண்டுமா? பத்தாவது பாசுரம் பதிகத்தை ஒலிமாலை என்று சொல்லிப் பாடுவோர் பெறும் பேற்றைக் கூறுகிறது. ஆழ்வாரின் நோக்கில் ஐயத்துக்கு இடமில்லை.

பழைய பண்ணே தெரியாதபோது இன்றைய ராகத்தில் பாடுவது மீட்பாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேவாரத்தைப் பாருங்கள். தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் இராசராசன் அமர்த்தினான். அன்றைய காந்தாரப் பண் எப்படி ஒலித்தது என்று எவராலும் அறுதியிட முடியாது. ஓதுவார்கள் அதை நவரோசில் பாடுகிறார்கள். மரபு அறுந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நாள்தோறும் கோயிலில் பாடிவந்ததே அதைக் காத்தது. 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக்கும் ஓதுவார்களின் குரல் கைகொடுத்தது.

பாசுரங்களுக்கு அந்த வாய்ப்பு முழுதாக அமையவில்லை. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு மெட்டமைத்தார். அது கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது. அரையர்களிடம் பயின்று, தேவகானம் எனப்படும் பாசுர இசைமரபை மீட்க முயன்ற ஸ்ரீராம பாரதியின் பணி இன்னும் ஆழமானது. ஆனால் அவர் 2000-இல் மறைந்தார். மேடையில் தனிக்குரல் எவ்வளவு உயர்ந்தாலும், கேட்பவர் வாய்திறக்க அங்கே இடமில்லை என்பதே என் குறை.

திருப்புல்லாணியில் இந்த ஒன்பது பாசுரங்களோடு தொடங்கலாம். இராகம் எளிதாக இருக்கட்டும். கோஷ்டியார் மூன்றரை அடியைப் பாடட்டும். ஈற்றில் ஊர்ப்பெயரைச் சன்னதியில் நிற்கும் எல்லோரும் எடுக்கட்டும். பெண்குரலில் ஆழ்வார் பாடிய பதிகம் இது. அருகிலுள்ள சேதுக்கரைக் கடலில் நீராடிவிட்டு ஈரப் புடவையோடு வந்து நிற்கும் பெண்கள் அந்த ஏகாரத்தை இழுத்துப் பாடுவதைக் கேட்க வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.