வைக்கோல் எத்தனால்: தடை நொதித்தலுக்கு முன்னே இருக்கிறது

முன்னுரை

அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை 2022 ஆகஸ்டு 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்ட அளவு. இத்துறையின் எதிர்காலம் திறன்மிக்க புதிய நுண்ணுயிரைச் சார்ந்தது என்பதே பரவலான கருத்து. நொதிகலனுக்கு முந்தைய கட்டங்களே இன்று முதன்மையான தடை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

விளைச்சல் கணக்கு

நெல் வைக்கோலின் உலர் எடையில் செல்லுலோஸ் ஏறத்தாழ 35 விழுக்காடு, ஹெமிசெல்லுலோஸ் 20 விழுக்காடு எனக் கொள்ளலாம். செல்லுலோஸ் நீராற்பகுப்பில் குளுக்கோஸாகும்போது எடை 1.11 மடங்காகிறது. ஒரு கிலோ சர்க்கரை கோட்பாட்டளவில் 0.51 கிலோ எத்தனால் தரும். எஞ்சியது கரியமில வாயு. இதன்படி ஒரு டன் உலர் வைக்கோலின் செல்லுலோஸ் மட்டும் சுமார் 250 லிட்டர் தர இயலும். ஹெமிசெல்லுலோஸையும் சேர்த்தால் 400 லிட்டர். பானிப்பட்டின் திட்ட அளவோ டன்னுக்கு 150 லிட்டர். வைக்கோலில் 15 விழுக்காடு ஈரம் எனக் கழித்தாலும் அது உச்ச அளவில் பாதியை எட்டவில்லை.

இடைவெளிக்கு முதற்காரணம் வைக்கோலின் கட்டமைப்பு. செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் இறுகப் பொதிந்திருப்பதால் நொதிகள் உள்ளே எட்டுவதில்லை. அமிலமும் வெப்பமும் கொண்டு முன்பதப்படுத்தினால் கட்டு தளரும். அளவு மிஞ்சினால் சர்க்கரை சிதைந்து ஃபர்ஃபியூரல் உருவாகி ஈஸ்ட்டை நலிவிக்கும். குறைந்தால் செல்லுலோஸ் பெரும்பகுதி கரையாமலே நின்றுவிடும்.

நுண்ணுயிரியல் தந்த விடைகள்

சாதாரண ஈஸ்ட் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸை நொதிக்காது என்பது உண்மையான குறையே. ஆனால் அதற்கு விடை கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சைமோமோனாஸ் மொபிலிஸின் மரபணுக்களை ஈ.கோலையில் புகுத்திய லோனி இங்ராம் குழுவினரின் கண்டுபிடிப்பு, 1991இல் அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமையைப் பெற்றது. பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ 1993இல் சைலோஸை நொதிக்கும் ஈஸ்ட்டை உருவாக்கினார். செல்லுலோஸை உடைக்கும் நொதிகளுக்கு, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் இராணுவத் துணிகளை மக்கவைத்த டிரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சை வழிகாட்டியது.

ஆலைகளின் அனுபவம்

இந்த அறிவெல்லாம் கைவசம் இருந்தும் பெரிய ஆலைகள் நிலைக்கவில்லை. இத்தாலியின் கிரெசென்டினோ ஆலை 2013இல் தொடங்கி 2017இல் நின்றது. அமெரிக்காவின் அயோவாவில் டுபாண்ட் 2015இல் திறந்த ஆலையை 2017இல் கைவிட்டது. அதே மாநிலத்தின் எம்மெட்ஸ்பர்க் ஆலை 2014இல் தொடங்கி 2019இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014க்குப் பின் சரிந்த கச்சா எண்ணெய் விலைக்கும் கிரெசென்டினோவின் தாய் நிறுவனத்துக்கு நேர்ந்த நிதி நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. அதை மறுக்க முடியாது. ஆயினும் மண்ணும் கல்லும் கலந்து, ஈரம் மாறுபட்டு வரும் பயிர்க்கழிவுக் கட்டுகளைத் தடையின்றி இயந்திரத்துக்குள் செலுத்துவதே இத்துறை திரும்பத் திரும்பச் சந்தித்த சிக்கல்.

நெல் வைக்கோலில் இது இன்னும் கடுமை. அதன் சிலிகா வெட்டும் கத்திகளைத் தேய்க்கிறது. பஞ்சாப், அரியானாவில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே உண்டு. ஓராண்டுத் தேவையை அதற்குள் திரட்டி, மழையும் தீயும் அண்டாமல் காக்க வேண்டும். கரும்புச் சக்கைக்கு இச்சுமை இல்லை. சர்க்கரை ஆலை வளாகத்திலேயே அது குவிந்து கிடக்கிறது. பிரேசிலில் ரைசென் நிறுவனம் தன் சக்கை எத்தனால் ஆலையைச் சர்க்கரை ஆலையை ஒட்டியே நிறுவியது அதனால்தான்.

முடிவுரை

நொதித்தல் திறனை மட்டும் விழுக்காட்டில் சொல்லும் ஆய்வு முடிவு ஆலைக்குப் போதாது. வாயிலுக்கு வரும் ஒரு டன் வைக்கோலுக்கு எத்தனை லிட்டர், அதற்கு எவ்வளவு நொதி, எவ்வளவு நீர், எவ்வளவு வெப்பம் என்பதே அளவுகோலாக வேண்டும். பொதுப்பணத்தில் இயங்கும் ஆலைகள் இந்த எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆய்வு நிதியிலும் கட்டுதல், சேமிப்பு, முன்பதப்படுத்தல் ஆகியவற்றுக்கு மரபணுப் பொறியியலுக்கு நிகரான இடம் தரப்பட வேண்டும்.