அறுவர் சுமந்த பாலம்

படைகளின் செலவை ஆறுகள் தடுத்த செய்திகள் வரலாற்றிற் பலவாகும். கி. மு. 55 இல் உரோமத் தளபதி யூலியசு சீசர் இரைன் ஆற்றின் குறுக்கே பத்து நாட்களில் மரப்பாலம் அமைத்தமை பெருஞ் சாதனையாகப் போற்றப்படுகின்றது. இரண்டாம் உலக யுத்தத்திலோ பத்து நாட் பொறுத்திருத்தல் இயலாததாயிற்று. அன்றியும், ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தவை பெரும் பாரமுடைய யுத்த டாங்கிகள்.

இத்தேவையை நிறைவேற்றியவர் பிரித்தானிய யுத்த அமைச்சின் அலுவலராகிய டொனால்ட் பெயிலி ஆவர். 1936 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட யோசனை கவனிக்கப்படாது போயிற்று. பழைய பாலங்கள் புதிய டாங்கிகளைத் தாங்கா என்பது தெளிவாகிய பின்னரே, 1940 ஆம் ஆண்டின் இறுதியில், அது ஏற்கப்பட்டது.

பெயிலி மனிதனின் தோள்வலியையே தம் அளவுகோலாகக் கொண்டார். பத்தடி நீளமும் ஐந்தடி உயரமுங் கொண்ட உருக்குச் சட்டகமே அவரது பாலத்தின் அடிப்படை உறுப்பு. ஏறக்குறைய 570 இறாத்தல் நிறையுள்ள அதனை அறுவர் தூக்கிச் செல்லலாம்; சாதாரண லொறியிலும் ஏற்றலாம். சட்டகங்கள் யாவும் ஒரே அளவினவாதலின், எதனையும் எதனோடும் ஆணியாற் பூட்டலாம். பாரம் மிகுமிடத்து அவற்றை இரண்டு மூன்று வரிசையாகவும் அடுக்காகவும் சேர்ப்பர். இக்கரையிலே பூட்டிய பாலத்தை உருளைகளின்மீது வைத்து அக்கரை நோக்கித் தள்ளுவர். முன்னே பாரங்குறைந்த மூக்குப்பகுதி நீண்டிருக்க, கரையிலுள்ள பின்பகுதி எதிர்நிறையாக நிற்குமாதலின், பாலம் ஆற்றில் வீழாது சென்று அக்கரையைத் தொடும்.

1942 நவம்பரில் துனீசியாவில் இப்பாலம் முதன்முறையாகப் போர்முனையிற் பயன்பட்டது. பின்வாங்கிய யேர்மன் படையினர் பாலங்களைத் தகர்த்துச் சென்ற சிசிலியிலும் இத்தாலியிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயிலி பாலங்கள் எழுந்தன. 1944 டிசம்பரில் பர்மாவிலே, கலேவாவுக்கருகிற் சிந்துவின் ஆற்றில், மிதவைகள்மீது 1154 அடி நீளமான பாலம் அமைக்கப்பட்டது. 1946 இற் பெயிலிக்குச் 'சேர்' பட்டம் வழங்கப்பெற்றது.

யுத்தம் முடிந்தும் அப்பாலத்தின் பணி முடியவில்லை. 2024 யூலை 30 ஆம் நாள் கேரளத்தின் வயநாட்டில் நிலச்சரிவு பாலத்தை அடித்துச் சென்றபோது, அக்கரையிலிருந்த ஊர்கள் துண்டிக்கப்பட்டன. இந்தியத் தரைப்படையின் சென்னைப் பொறியியற் பிரிவினர் சூரல்மலையில் 190 அடி நீளமான பெயிலி பாலத்தை ஆகத்து முதலாம் நாள் மாலைக்குள் அமைத்து முடித்தனர். மண்ணிற் புதையுண்டோரைத் தேடும் இயந்திரங்கள் அதன்வழியே அக்கரை சேர்ந்தன. அங்கும் உருக்குப் பாகங்களை வீரர்கள் கூடித் தோளிற் சுமந்தே பூட்டினர்.