கேடெரின் கண்டுபிடிப்பின் வரலாறு
கேடெரின் என்பது விலங்கு உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதக் குடும்பம் ஆகும். இதனைக் கண்டறிந்தவர் சப்பானிய உயிரியலாளர் மசாத்தோசி தாக்கெயிச்சி (பிறப்பு: 1943). கியோத்தோவில் இவர் டிரிப்சின் நொதியால் பிரித்த உயிரணுக்கள் மீண்டும் ஒட்டிக்கொண்டன. அமெரிக்காவின் பால்ட்டிமோர் ஆய்வகத்தில் ஒட்டவில்லை. அங்கிருந்த நொதிக் கரைசலில் கால்சியத்தைக் கவரும் வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம். கால்சியம் இருந்தால் ஒட்டுப்புரதம் நொதியால் சிதையாது என்பது இதனால் புலப்பட்டது. இவ்வாய்வு 1977 இல் வெளியானது.

கேடெரினின் உட்பகுதியில் பிணையும் பீட்டா-கேட்டனின், உயிரணுச் சமிக்ஞையிலும் பங்கேற்கிறது. ஈ-கேடெரின் குறைந்தால் புற்றணுக்கள் பிரிந்து அண்டைத் திசுக்களில் ஊடுருவக்கூடும். 1998 இல், நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் தலைமுறைதோறும் வந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு ஈ-கேடெரின் மரபணுவின் சடுதிமாற்றமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இதனால் அக்குடும்பத்தினர் நோய் வருமுன்னரே மரபணுச் சோதனை செய்துகொள்ள வழி பிறந்தது.